கேண்டீஸ்: முடிவுத் தேதியைத் தாங்களே குறித்த மூவர்

கேட்கப்பட்ட கேள்வி இது: எழுபதுகளின் ஜப்பானில் பிங்க் லேடி போன்ற குழுக்கள் வரிசையாக முதலிடப் பாடல்களைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, தன் வாழ்நாளில் ஒரே ஒரு பாடலை மட்டுமே முதலிடத்துக்குக் கொண்டுவந்த கேண்டீஸ் என்ற மூவர் குழுவைப் பற்றி அந்நாட்டினர் இன்றும் உருகிப் பேசுவது ஏன்? அவர்களுடைய இசை வாழ்க்கை எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது?

விற்பனைக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. நிறுவனம் ஆளெடுத்து, பயிற்சி கொடுத்து, பெயர் வைத்து, மேடையேற்றி, சந்தை குறைந்ததும் சத்தமில்லாமல் இறக்கிவிடுகிற ஒரு தொழிலில், இந்த மூன்று இளம்பெண்கள் தங்கள் முடிவைத் தாங்களே அறிவித்தார்கள். அந்த முடிவை ஒரு பெரும் நிகழ்வாக நடத்திக் காட்டியவர்கள் அவர்களுடைய ரசிகர்கள். அந்தக் கடைசி ஒன்பது மாதங்கள்தான் கேண்டீஸை மற்ற குழுக்களிலிருந்து பிரித்தன. ஆனால் அவற்றைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஐந்தாண்டு உழைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் அவர்கள் வளர்ந்த இடத்தைச் சொல்ல வேண்டும். 1955இல் வத்தனாபே ஷின் என்ற ஜாஸ் இசைக்கலைஞரும் அவர் மனைவி மிசாவும் தொடங்கிய வத்தனாபே புரொடக்‌ஷன்ஸ், அறுபதுகளில் ஜப்பானியத் தொலைக்காட்சிப் பொழுதுபோக்கையே தன் கையில் வைத்திருந்த நிறுவனம். அதுவரை கலைஞர்கள் ஆளுக்கொரு தரகரை நம்பி இருந்தார்கள்; வத்தனாபே அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது, நிகழ்ச்சிகளைத் தானே தயாரித்தது, பாடல்களின் மூல ஒலிப்பதிவு உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த நிறுவனத்தின் பெருமைக்குரிய பெண் குழு தி பீனட்ஸ். இத்தோ எமி, இத்தோ யூமி என்ற இரட்டைச் சகோதரிகள் 1959இல் அறிமுகமாகி, 1961இல் வந்த மோத்ரா திரைப்படத்தில் உள்ளங்கை அளவுத் தேவதைகளாக நடித்து, 1966இல் அமெரிக்காவின் எட் சல்லிவன் நிகழ்ச்சி வரை சென்று பாடி, 1975இல் ஓய்வு பெற்றார்கள். பெண் குழு என்றால் அழகாக நின்று சிரிப்பது மட்டுமன்று, குரல்கள் பிசிறின்றி இணைய வேண்டும் என்ற அளவுகோலை ஜப்பானில் வைத்தவர்கள் இவர்களே. கேண்டீஸ் அந்த வீட்டின் அடுத்த தலைமுறை.

வத்தனாபே தோக்கியோ இசைப்பள்ளி என்ற பயிற்சிக்கூடத்தையும் நடத்தியது. அங்கே படிப்பவர்களில் தேர்ந்தவர்கள் ஸ்கூல் மேட்ஸ் என்ற பெயரில், பெரிய பாடகர்களுக்குப் பின்னால் ஆடியும் கோரஸ் பாடியும் தொழில் கற்றார்கள். கேண்டீஸின் மூவரும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். மூவரும் தோக்கியோவைச் சேர்ந்தவர்கள். இத்தோ ரான் 1955 ஜனவரியில் பிறந்தவர், மூவரில் மூத்தவர். ஃபுஜிமுரா மிகி 1956 ஜனவரி. தனாகா யோஷிகோ 1956 ஏப்ரல். யோஷிகோவை எல்லோரும் சூ என்று அழைத்ததால் ரசிகர்களுக்கு அவர்கள் கடைசிவரை ரான், சூ, மிகி என்றே நிலைத்தார்கள். 1972இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே தொலைக்காட்சியின் ஒரு பாட்டு நிகழ்ச்சியில் உதவியாளர்களாக, அதாவது விருந்தினரை வரவேற்று, ஓரத்தில் நின்று, தேவைப்படும்போது கோரஸ் பாடுகிற பெண்களாக மூவரும் சேர்க்கப்பட்டார்கள். கேண்டீஸ் என்ற பெயரும் அங்கேதான் வந்தது. அந்த நேரத்தில் அது ஒரு பாட்டுக்குழுவாக நீடிக்கும் என்று யாரும் பெரிதாகத் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. மூவரும் சேர்ந்து நன்றாகப் பாடினார்கள், அதனால் இசைத்தட்டு வெளியிடலாம் என்று முடிவானது, அவ்வளவுதான்.

1973 செப்டம்பர் 1ஆம் தேதி சிபிஎஸ் சோனி நிறுவனத்தின் வழியாக முதல் ஒற்றைத்தட்டு வெளிவந்தது. மொரிதா கொய்ச்சி இசையமைத்த ‘அனதா நி முச்சூ’ என்ற அந்தப் பாடல் மோசமில்லை, ஆனால் பெரிய அலையையும் எழுப்பவில்லை. அடுத்து வந்த மூன்று தட்டுகளுக்கும் ஏறத்தாழ அதே கதைதான். தொலைக்காட்சியில் முகம் தெரியும், தெருவில் அடையாளம் காண்பார்கள், கடையில் மட்டும் தட்டு நகராது. அந்தக் காலத்தில் நடுவில் நின்று முக்கிய வரிகளைப் பாடியவர் சூ. மூவரில் தனிக்குரலாகப் பாடுவதற்கு ஏற்ற குரல் அவருடையது என்பது தயாரிப்பாளர்களின் கணிப்பு. இசை நோக்கில் அந்தக் கணிப்பில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஐடல் பாட்டு, அதாவது ரசிகர்கள் ஆராதிக்கும் இளம் நட்சத்திரங்களை முன்னிறுத்தும் பாட்டு, குரலை மட்டும் வைத்து விற்பதன்று.

திருப்பம் 1975 பிப்ரவரியில் வந்த ஐந்தாவது தட்டில் நிகழ்ந்தது. நடுவிடத்துக்கு ரான் கொண்டுவரப்பட்டார். ரானின் முகத்திலும் பேச்சிலும் ஒரு மூத்த சகோதரியின் நிதானமும் லேசான குறும்பும் உண்டு. ரசிகர்களில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரிப் பையன்கள். சென்கே கசுயா எழுதி ஹொகுச்சி யூசுகே இசையமைத்த ‘தோஷிஷிதா நோ ஒதோகோனோகோ’ என்ற பாடல் இந்த இரண்டையும் நேராகச் சேர்த்து முடிச்சுப்போட்டது. தன்னைவிட வயதில் இளைய ஒரு பையனை, சிவப்பு ஆப்பிளை வாய்நிறையக் கடித்துக்கொண்டு நிற்கிற, கொஞ்சம் அசடான பையனை, ஒரு பெண் செல்லமாகக் குறைசொல்லிக்கொண்டே விரும்புகிறாள். கேட்கிற ஒவ்வொரு பதினெட்டு வயதுக்காரனும் அந்தப் பையன் தானே என்று நினைத்துக்கொள்ளலாம். பாடல் ஜப்பானின் இசைத்தட்டு விற்பனைத் தரவரிசையான ஒரிக்கான் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. ஆண்டிறுதியில் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் மோதும் என்எச்கேயின் சிவப்பு வெள்ளைப் பாட்டுப் போட்டிக்கு அந்த ஆண்டு அழைப்பும் வந்தது. 1975, 1976, 1977 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அதில் பாடினார்கள்.

இங்கே அவர்களுடைய பாட்டுமுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூன்று குரல்களும் ஒன்றுபோல் இருப்பவையல்ல. ரானுடையது சற்றே மூச்சு கலந்த, பேச்சுக்கு நெருக்கமான குரல். சூவுடையது உருண்டு திரண்டு வெளிவருவது. மிகியின் குரல் பளிச்சென்று தனியே தெரியாது. ஆனால் சுருதிஞானத்தில் மூவரில் உறுதியானவர் அவரே என்பது அவர்களோடு பணியாற்றியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. ஒரு வரியை மூவரும் ஒரே சுருதியில் சேர்ந்து பாடி, பாட்டின் உச்சமான இடத்தில் மட்டும் மூன்று சுருதிகளாகப் பிரிந்து, உடனே மறுபடி ஒன்றாவது ஹொகுச்சியின் பாடல்களில் அடிக்கடி வருகிற அமைப்பு. பிரியும் அந்தக் கணத்தில் யாராவது ஒருவர் இம்மி பிசகினாலும் எல்லாம் கெட்டுவிடும். அதைத் துள்ளி ஆடிக்கொண்டு, நேரலையில், வாரம்தோறும் செய்தார்கள். இந்த வேலையை மிகி உள்ளிருந்து தாங்கிப்பிடித்தார். மூவரில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறவரும் அவர்தான். இது நியாயமில்லை என்பது என் கருத்து.

இன்று கேண்டீஸ் என்றதும் ஜப்பானியர் வாயில் முதலில் வருகிற பாடல் ‘ஹரு இச்சிபான்’. வசந்தத்தைக் கொண்டுவரும் முதல் தென்திசைப் பெருங்காற்றின் பெயர் அது. எழுதியவரும் இசையமைத்தவரும் ஹொகுச்சி யூசுகே. பனி உருகி ஆறாகி ஓடுகிறது, வசந்தம் வந்துவிட்டது, பழைய துயரத்தை விட்டுவிட்டு ஒரு காதலைத் தொடங்கிப் பார்க்கலாமே என்பதற்கு மேல் பாடலில் பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் தொடக்கத்தில் வரும் கிட்டாரின் உந்துதலும் மூச்சுவிட இடைவெளி தராத மெட்டும் சேர்ந்து கேட்பவரை எழுப்பி உட்கார வைத்துவிடும். இது முதலில் 1975இல் வந்த ஆல்பத்தில் ஒரு மூலைப் பாடலாக இருந்தது. மேடையில் பாடும்போதெல்லாம் கூட்டம் துள்ளியதைக் கண்ட பிறகே 1976 மார்ச்சில் தனித்தட்டாக வெளியிட்டார்கள். பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. எது வெற்றிப்பாடல் என்பதை நிறுவனத்துக்கு முன்பே அரங்கத்தில் இருந்த பையன்கள் கண்டுகொண்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்தவற்றுக்கு இது ஒரு முன்னறிவிப்பு. இடையில் ஒரு கொசுறுச் செய்தி: பதிப்புரிமைச் சங்கத்தோடு ஹொகுச்சிக்கு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால், 2012க்குப் பின் சில ஆண்டுகள் இந்தப் பாடல் ஜப்பானியக் கரோக்கே இயந்திரங்களிலிருந்தே காணாமல் போயிருந்தது. வசந்தம் வந்தும் அதைப் பாட முடியாத அலுவலக விருந்துகளின் ஏமாற்றத்தை எண்ணிப் பார்க்கலாம்.

தட்டுகளுக்கு இணையாக அவர்களை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது நகைச்சுவைதான். டிபிஎஸ் தொலைக்காட்சியில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, ஒரு பெரிய அரங்கத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பான தி டிரிஃப்டர்ஸ் குழுவின் கோமாளித்தன நிகழ்ச்சி அன்று நாடே பார்த்தது. டிரிஃப்டர்ஸும் வத்தனாபே வீட்டுப் பிள்ளைகளே. அதில் கேண்டீஸ் பாடுவதோடு நில்லாமல், உடற்பயிற்சிக் காட்சியில் குட்டிக்கரணம் போட்டார்கள், கோரஸ் உடையணிந்து நாக்குப் புரளும் வரிகளைப் பாடினார்கள். 1976 அக்டோபரில் பின்னாளைய டிவி அசாஹியான என்இடி அலைவரிசையில் தொடங்கிய மற்றொரு நிகழ்ச்சியில், இத்தோ ஷிரோ, கொமாத்சு மசாவோ என்ற இரு தேர்ந்த நகைச்சுவை நடிகர்களோடு குறும்புக்காரப் பிள்ளைகளாக வேடமிட்டு, மூக்கில் அழுக்கு பூசிக்கொண்டு நடித்தார்கள். அழகு கெட்டுவிடுமே என்று தயங்காத ஐடல்கள் அந்தக் காலத்தில் அரிது. நேரலையில் தடுமாறாமல் நிற்கும் திடமும், ஒருவர் தவறினால் மற்ற இருவர் உடனே தாங்கும் பழக்கமும் இவர்களுக்கு அங்கிருந்து வந்தவை.

ஆனால் கேண்டீஸின் உயிர்நாடி தொலைக்காட்சி அன்று, கச்சேரி மேடைதான். அவர்களுக்கு மேலாளராக வந்த ஓசாத்தோ யோகிச்சி, இவர்களை நேரடி இசை நிகழ்ச்சிகளில் வளர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். எம்எம்பி என்ற நிலையான பின்னணி இசைக்குழு அமைந்தது. டிரம்பெட், டிராம்போன் முழங்க, அமெரிக்க சோல் இசைப் பாடல்களையும் ராக் பாடல்களையும் நிகழ்ச்சியின் முதற்பாதியில் மூவரும் பாடினார்கள். தொலைக்காட்சியில் இனிப்பாகச் சிரிக்கிறவர்கள் மேடையில் வியர்வை சொட்டச் சொட்ட இரண்டு மணி நேரம் பாடுவதைக் கண்ட கல்லூரி மாணவர்கள் ஆச்சரியப்பட்டுப் பின்தொடரத் தொடங்கினார்கள். 1976 அக்டோபரில், சுமோ மல்யுத்தம் நடக்கும் குராமாயே அரங்கில் பத்தாயிரம் பேர் என்ற அறிவிப்போடு ஒரு கச்சேரி நடந்தது. பெண் ஐடல்களுக்கு அன்று அது அசாத்தியமான எண்ணிக்கை.

அந்த ரசிகர்கள் தாமாகவே அமைப்பானார்கள். நாடு தழுவிய கேண்டீஸ் கூட்டமைப்பு என்ற பெயரில் பல்கலைக்கழக மாணவர்கள் ஒன்றுசேர்ந்து, எந்தப் பாடலின் எந்த இடத்தில் யார் பெயரை எத்தனை முறை முழங்குவது என்று வகுத்துக்கொண்டார்கள். ரானுக்குச் சிவப்பு, சூவுக்கு நீலம், மிகிக்கு மஞ்சள் என்று நிறங்கள் உண்டு. அந்தந்த நிறக் காகித நாடாச் சுருள்களை மேடையை நோக்கி வீசுவது வழக்கம்; சுருளின் நடுவில் இருக்கும் கடினமான அட்டை உருளை பாடுகிறவர்கள் மேல் பட்டுவிடக் கூடாது என்பதற்காக, வீட்டிலேயே அதை நீக்கிவிட்டு நாடாவை மென்மையாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். பாட்டு முடியும்போது பாடகிகளின் தோளிலும் ஒலிவாங்கியிலும் மூன்று நிற நாடாக்கள் சிக்கித் தொங்கும். இன்றைய ஜப்பானிய ஐடல் அரங்குகளில் காணும் ஒழுங்கான முழக்கங்களுக்கும், ஆளுக்கொரு நிறம் என்ற வழக்கத்துக்கும் இங்கே பழைய வேர் ஒன்று உண்டு. பின்னாளில் பிரதமரான இஷிபா ஷிகெருவும் அந்தத் தலைமுறைக் கல்லூரி மாணவர்தான். கேண்டீஸ் ரசிகர் என்பதை அவர் மறைத்ததே இல்லை.

1976 ஆகஸ்டில் பிங்க் லேடி அறிமுகமானார்கள். நிப்பான் தொலைக்காட்சியின் திறமைத் தேடல் நிகழ்ச்சியிலிருந்து வந்த அந்த இருவர், பளபளக்கும் உடையும் உடல் முழுதும் இயங்கும் ஆட்டமுமாகச் சிறு குழந்தைகள் வரை கவர்ந்து, 1977இல் ஒன்றன்பின் ஒன்றாக முதலிடப் பாடல்களைக் கொடுத்தார்கள். விற்பனையில் கேண்டீஸ் அவர்களுக்கு அருகில்கூட வரவில்லை. ஆனால் இசையில் கேண்டீஸ் அந்த ஆண்டில்தான் முதிர்ந்தார்கள். நாட்டார் பாணிப் பாடகராகவும் இளைஞர்களின் கலகக் குரலாகவும் அறியப்பட்ட யொஷிதா தகுரோ, தாமே அவர்களுடைய விசிறியாகி ‘யசாஷீ அகுமா’ என்ற பாடலுக்கு இசையமைத்தார். 1977 மார்ச்சில் வந்த அது முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. பாடகி ஆன் லூயிஸ் வடிவமைத்த உடையும், விரல்களால் காட்டும் சாத்தான் முத்திரையும், தாழ்ந்த சுருதியில் தொடங்கும் மெட்டும் அவர்களைப் பருவப்பெண்கள் என்ற நிலையிலிருந்து வளர்ந்த பெண்கள் என்ற நிலைக்கு நகர்த்தின. கோடையில் ‘ஷோச்சூ ஒமிமாய் மோஷியாகெமாசு’ வந்தது. எல்லாம் ஏறுமுகமாக இருந்த நேரம்.

அந்த நேரத்தில்தான், 1977 ஜூலை 17ஆம் தேதி மாலை, தோக்கியோவின் ஹிபியா பூங்காவில் உள்ள திறந்தவெளி இசையரங்கில், கோடைச் சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரி முடியும் தறுவாயில், மூவரும் அழுதுகொண்டே நின்றார்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரான் தொடங்கினார். வரும் செப்டம்பரில் கேண்டீஸ் கலைகிறது என்று சொன்னார். சாதாரணப் பெண்களாகத் திரும்ப விரும்புகிறோம் என்ற அந்த ஒரு வாக்கியம் மறுநாள் நாடெங்கும் தலைப்புச் செய்தியாகி, அந்த ஆண்டின் வழக்குச்சொல்லாகவே ஆகிவிட்டது. ரானுக்கு அப்போது வயது 22. மற்ற இருவருக்கும் 21.

இது நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற அறிவிப்பன்று. வத்தனாபே போன்ற ஓரிடத்தில், மாதச் சம்பளத்துக்குப் பாடுகிற மூன்று பெண்கள், ரசிகர்களின் முன்னிலையில் நேரடியாகச் சொல்லிவிடுவது கேள்விப்படாத செயல். அலுவலக அறைக்குள் சொல்லியிருந்தால் அது பேச்சுவார்த்தையாகத் தொடங்கி, ஒத்திவைப்பாக மாறி, நீர்த்துப் போயிருக்கும். ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் சொல்லிவிட்டதால் திரும்பப் பெற முடியாத ஒன்றாயிற்று. அவர்கள் இதை இவ்வளவு கணக்குப் போட்டுச் செய்தார்களா, உணர்ச்சிவேகத்தில் செய்தார்களா என்று வாதிடுவோர் உண்டு. மூவரும் கூடிப்பேசி முன்னரே எடுத்திருந்த முடிவு என்பதில் ஐயமில்லை. காரணம் என்ன என்று அன்று பத்திரிகைகள் துருவித் துருவித் தேடின. காதல் என்றார்கள், சண்டை என்றார்கள். இவை எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. பதின்பருவம் முழுவதும் தொலைக்காட்சி நிலையத்துக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வெளியூர் மேடைக்கும் இடையில் ஓடிக் கழிந்திருந்தது. தங்களைப் பற்றிய எந்த முடிவையும் தாங்களே எடுத்ததில்லை. மூவரும் ஒற்றுமையாகவும் நல்ல நிலையிலும் இருக்கும்போதே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. சொன்ன காரணத்தையே உண்மைக் காரணம் என்று ஏற்பதில் எனக்குத் தடையில்லை.

நிறுவனத்தோடு நடந்த பேச்சில் தேதி மட்டும் தள்ளிப்போனது. செப்டம்பருக்குப் பதில் அடுத்த வசந்தம் என்று முடிவாயிற்று. 1978 ஏப்ரல் 4 என்று நாள் குறிக்கப்பட்டது. அறிமுகமான நாளிலிருந்து எண்ணினால் 1676 நாள். 1977இன் இறுதியில் வெளிவந்த இசைத்தட்டுத் தொகுப்புக்கு அந்த எண்ணையே பெயராக வைத்தார்கள். முடியப்போகிறது என்று தெரிந்தே ஒரு குழுவைப் பின்தொடர்வது ரசிகர்களுக்குப் புதிய அனுபவம். ஒவ்வொரு ஊரிலும் இதுதான் கடைசி என்று அரங்குகள் நிரம்பின. அந்தக் குளிர்காலத்தில் வந்த ‘வனா’ என்ற தட்டில்தான், தனித்தட்டு ஒன்றில் முதல் முறையாகவும் கடைசி முறையாகவும் மிகி நடுவில் நின்று பாடினார். கலைவதற்கு முன் ஒரு முறையேனும் அது நடந்தது நல்லதுதான்.

ஒரு குறை மட்டும் மீதமிருந்தது. பதினாறு தட்டுகள் வந்தும் ஒன்றுகூட முதலிடம் பெறவில்லை. கடைசித் தட்டையாவது முதலிடத்துக்குக் கொண்டுவருவதே தங்கள் சீர்வரிசை என்று கூட்டமைப்பினர் தீர்மானித்து, நாடு முழுவதும் பிரசாரம் செய்தார்கள். 1978 பிப்ரவரி 25இல் ‘ஹோஹோஎமி காயேஷி’ வெளிவந்தது. அகி யோகோ எழுத, ஹொகுச்சி இசையமைத்தார். சேர்ந்து வாழ்ந்த ஓர் இணை வீட்டைக் காலி செய்துகொண்டு பிரிகிற காட்சி அது. பழைய சாமான்களை எடுத்து அடுக்கும்போது நினைவுகள் வருவதுபோல், பாட்டு வரிகளுக்குள் கேண்டீஸின் முந்தைய வெற்றிப் பாடல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அந்தந்த இடத்தில் அந்தந்தப் பாடலின் ஆட்ட அசைவையும் மூவரும் செய்வார்கள். அழுவதற்கு எல்லாக் காரணமும் இருக்கிற பாடலைப் புன்னகையோடு பாடும்படி எழுதியதில்தான் அகி யோகோவின் திறமை தெரிகிறது. மார்ச்சில் அது ஒரிக்கானின் முதலிடத்தைப் பிடித்தது. எட்டு லட்சத்துக்கு மேல் விற்றது.

ஏப்ரல் 4 அன்று கொராகுவென் பேஸ்பால் மைதானத்தில் 55,000 பேர் கூடினார்கள். நான்கு மணி நேரம் நீண்ட அந்தக் கச்சேரியில், வழக்கம்போல முதலில் எம்எம்பியின் பித்தளைக் கருவிகள் முழங்க மேல்நாட்டுப் பாடல்கள், பிறகு அவர்களுடைய சொந்தப் பாடல்கள். ரான் தானே வரிகளை எழுதி, எம்எம்பியின் வத்தனாபே ஷிகெகி இசையமைத்த ‘த்சுபாசா’தான் நிறைவுப் பாடல். இறுதியில் மூவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, நாங்கள் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தோம் என்று உரக்கக் கூறினார்கள். சில நாட்களில் டிபிஎஸ் ஒளிபரப்பிய அதன் பதிவை நாடெங்கும் ஏராளமானோர் பார்த்தார்கள். நான்கு நாள் கழித்துச் சூவுக்கு 22 வயது நிறைந்தது.

ஒப்பீட்டுக்காக ஒன்று. பிங்க் லேடி 1979இல் அமெரிக்கா சென்று, பில்போர்ட் பட்டியலில் 37ஆம் இடம் வரை ஏறிய ஒரு பாடலைக் கொடுத்து, அந்நாட்டின் என்பிசி தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சியும் நடத்தினார்கள். அதற்குள் தாயகத்தில் அவர்கள் மீதான மோகம் தணிந்துவிட்டது. 1981 மார்ச் 31இல் அதே கொராகுவென் மைதானத்தில், மழையில், நிரம்பாத இருக்கைகளின் முன் விடைபெற்றார்கள். திறமையில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். சாதனையில் மிக மேலானவர்கள். எப்போது நிறுத்துவது என்பது மட்டும் அவர்கள் கையில் இருக்கவில்லை. கேள்வி கேட்டவர் தேடும் வேறுபாடு இதுவே.

பிறகு என்ன ஆயிற்று? சாதாரணப் பெண்களாகும் ஆசை இருவருக்கு ஈராண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. இதைக் கேலி செய்தவர்கள் அன்று நிறைய. 1980இல் ஓமொரி கசுகி இயக்கிய மருத்துவ மாணவர்களைப் பற்றிய படத்தில் நடிகையாக ரான் திரும்பினார். பின்னர் நடிகர் மிசுதானி யுதாகாவை மணந்தார். 1980இலேயே சூவும் தனாகா யோஷிகோ என்ற சொந்தப் பெயரில் திரும்பி, பின்னர் இமமுரா ஷோஹேயின் ‘கருப்பு மழை’ படத்தில், ஹிரோஷிமா அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளாகித் திருமணம் தடைபட்டு நிற்கும் பெண்ணாக நடித்து ஜப்பான் அகாதெமியின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். நகைச்சுவை நிகழ்ச்சியில் குட்டிக்கரணம் போட்ட பெண்ணா இவர் என்று வியக்கவைத்த நடிப்பு அது. மிகி 1983இல் ஒரே ஒரு தனித்தட்டை வெளியிட்டுவிட்டு ஒதுங்கினார். அன்று மேடையில் சொன்ன சொல்லின்படி வாழ்ந்தவர் அவர் ஒருவரே. எம்எம்பியின் இசைக்கலைஞர்கள் சிலர் 1979இல் ஸ்பெக்ட்ரம் என்ற பித்தளை முழங்கும் ராக் குழுவாகத் தனியே வெளிவந்தார்கள். ஓசாத்தோ யோகிச்சி வத்தனாபேயை விட்டு விலகி அம்யூஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஜப்பானுக்கு வெளியிலும் பழக்கமான பர்ஃப்யூம் என்ற மூவர் பெண் குழு அந்த நிறுவனத்தில் வளர்ந்ததுதான். மூன்று பெண்கள், மேடைக்கே முதலிடம் என்ற சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

கலைந்து முப்பதாண்டு நிறைந்த 2008 ஏப்ரல் 4 அன்று, பழைய மைதானம் இருந்த அதே வளாகத்தில் உள்ள ஓர் அரங்கில், ஐம்பது வயதைத் தொட்ட கூட்டமைப்பினர் இரண்டாயிரம் பேர் போல ஒன்றுகூடி, திரையில் ஓடிய பழைய காட்சிகளுக்கு நாடா வீசி முழங்கினார்கள். மூவரும் அங்கே வரவில்லை. வரவேண்டும் என்று ரசிகர்கள் கேட்கவுமில்லை. மூவரும் சேர்ந்து பாடும் வாய்ப்பு 2011 ஏப்ரல் 21 அன்று இல்லாமலே போயிற்று. பத்தொன்பது ஆண்டுகள் மார்பகப் புற்றுநோயோடு வெளியில் தெரியாமல் போராடிவந்த தனாகா யோஷிகோ, 55 வயதில் காலமானார். வடகிழக்கு ஜப்பானைச் சுனாமி அழித்து ஆறு வாரங்கூட ஆகவில்லை. மார்ச் இறுதியில் அவர் பதிவுசெய்து வைத்திருந்த குரல் இறுதிச்சடங்கில் ஒலித்தது; தளர்ந்த குரலில், தாம் தோற்றுவிடக் கூடும் என்றும், அப்படியானால் விண்ணுலகில் இருந்தாவது பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பயன்பட விரும்புவதாகவும் சொன்னார். ரானும் மிகியும் அங்கே அவரைச் சூ என்றே அழைத்து இரங்கலுரை வாசித்தார்கள்.

ரான் நீண்டகாலம் பாடாமலே இருந்தார். 2019இல், கேண்டீஸ் முடிந்து 41 ஆண்டுகளுக்குப் பின், முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டு, கச்சேரிகளில் பழைய பாடல்களையும் பாடத் தொடங்கினார். 2023 டிசம்பர் 31 அன்று, அறிமுகத்தின் ஐம்பதாம் ஆண்டில், சிவப்பு வெள்ளைப் போட்டியில் கேண்டீஸ் பாடல்களின் தொகுப்பைத் தனியாளாகப் பாடினார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கு என் பரிந்துரை: ‘ஹரு இச்சிபான்’ எப்படியும் காதில் விழும், அதைத் தேட வேண்டியதில்லை. ‘யசாஷீ அகுமா’வை முதலில் கேளுங்கள். அடுத்து ‘ஹோஹோஎமி காயேஷி’யைக் கேட்பதற்கு முன், அதில் பெயர் சொல்லப்படும் பழைய பாடல்களை ஒரு முறையேனும் கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் பாதி இன்பம் போய்விடும். கொராகுவென் கச்சேரியின் நேரடிப் பதிவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் மேல்நாட்டுப் பாடல்கள் நிறைந்த முதற்பாதியைத் தவிர்த்துவிடாதீர்கள்.